கை நனைக்காமல் திரும்பியவன் பேசுகிறேன்

தலைவர் அவர்களே! மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே! ட்ரிப்பை மாற்றிக்கொண்டு காக்கிச் சட்டையோடு வந்திருக்கும் டிரைவர், கண்டக்டர் சகோதரர்களே! தாய்மார்களே! உங்கள் எல்லாருக்கும் ரெங்கசாமியின் வணக்கம்.

வணக்கம் இன்னும் முடியவில்லை. கடைசிக் கதவுக்கு வெளியே கைகட்டி நிற்கிறீர்களே பிள்ளைகளே, உங்களைத்தான் சொல்கிறேன். உள்ளே வாருங்கள். முன்வரிசையில் பத்து நாற்காலி சும்மா கிடக்கிறது. செத்துப்போனவர் உங்கள் ஆள். எங்களுக்குப் பின்னால் நின்று நீங்கள் அழ வேண்டியதில்லை. யாராவது "அது பெரிய மனுசங்களுக்குப் போட்டது" என்று தடுத்தால், பிள்ளைகள் நிலையத்தின் செயலாளர் ரெங்கசாமியே உட்காரச் சொன்னார் என்று சொல்லுங்கள். மரியசெல்வம், நீ முதலில் வந்து உட்கார். நீ உட்கார்ந்தால் மற்றவர்களும் வருவார்கள்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் நம் டைம்கீப்பர் சொக்கநாதன் செட்டியாரை வள்ளல் என்றார்கள். மகான் என்றார்கள். ஒருவர் தெய்வம் என்றே சொல்லிவிட்டார். செட்டியார் இங்கே உட்கார்ந்து இதைக் கேட்டிருந்தால் என்ன செய்திருப்பார்? சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்து ஊதி, "நேரமாச்சு, வண்டியை எடுங்கய்யா!" என்று கத்தியிருப்பார். அவர் வள்ளல் இல்லை. பர்மாவில் இருந்த கடையும் கணக்கும் யுத்தத்தோடு போய்விட்ட பிறகு, திருமயம் பக்கத்துச் சொந்த ஊரில் இருக்கப் பிடிக்காமல், பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பர் வேலைக்கு வந்தவர். வெயிலில் நின்று ட்ரிப் சீட்டில் கையெழுத்துப் போட்டுச் சாப்பிட்டவர்.

அப்படியானால் அவர் செய்ததுதான் என்ன? வீடில்லாத பிள்ளைகளுக்கு வீடு பிடித்துக் கொடுத்தார். அவ்வளவுதான்! சொல்லும்போது எவ்வளவு சின்னதாக இருக்கிறது!

ராஜா ஆட்சி முடிந்து சமஸ்தானம் போன மறுவருஷம் அது. மழை பொய்த்துக் கிடந்தது. குன்றாண்டார்கோவில் பக்கமிருந்தும் கறம்பக்குடி பக்கமிருந்தும் இளவட்டங்கள் பிழைப்புத் தேடி வந்து பஸ் ஸ்டாண்டில் இறங்குவார்கள். சிலருக்குத் தாய் தகப்பன் இல்லை. சிலருக்கு இருந்தும் இல்லை. மூட்டை தூக்குவார்கள், வண்டி கழுவுவார்கள், ஓட்டலில் தண்ணீர் இறைப்பார்கள். படுக்கை, பழுதாகி நிற்கும் வண்டிக்கு அடியில். நாம் எல்லாரும் அந்த ஸ்டாண்டில்தான் பஸ் ஏறினோம். நாமும் பார்த்தோம். பார்த்துவிட்டுப் பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டோம். செட்டியார் என்ன செய்தார்? ஸ்டாண்டுக்குப் பின்னால், புளி மூட்டை அடுக்கிவிட்டுச் சும்மா போட்டிருந்த கிட்டங்கியைக் கேட்டு வாங்கி, சுண்ணாம்பு அடித்து, பையன்களை அங்கே படுக்க வைத்தார். அதுதான் நம் நிலையம். பெண்பிள்ளைகளைத் தம் வீட்டுக்கே அனுப்பினார். அவர் சம்சாரம் ராஜேஸ்வரி ஆச்சி ஒரு வார்த்தை கேட்காமல் பாய் விரித்தார்கள்.

அரண்மனைக் கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்தவன் நான். மனு எழுதத் தெரியும் என்பதற்காக என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். நான் சும்மா இருப்பேனா? இருபத்துமூன்று விதி எழுதிச் சுவரில் ஒட்டினேன். செட்டியார் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு அத்தனையும் படித்தார். "விதியெல்லாம் சரிதான் ரெங்கசாமி. பய பசியோட வந்து நிக்கிறான், அதுக்கு எத்தனாவது விதின்னு சொல்லுங்க" என்றார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

ஆனால் அவருக்கும் ஒரு விதி இருந்தது. கிட்டங்கியில் யாரும் இரண்டு வருஷத்துக்கு மேல் இருக்கக் கூடாது. "இது ஸ்டாண்டுப்பா, டிப்போ இல்ல. வண்டி இங்கிட்டுக் கெளம்பித்தான் ஆகணும்" என்பார். அதற்குள் ஒரு தொழில் கற்றுக்கொள்ள வேண்டும். சோறு பொங்கக் கற்றுக்கொள்ள வேண்டும். பிறகு தனக்கென்று ஓர் அறை பிடித்துக் குடி போக வேண்டும். யார் தயவிலும் இல்லாமல் தன் அடுப்பு, தன் பாய், தன் கதவு என்று இருக்க வேண்டும்.

இங்கேதான் சிக்கல். நம் ஊரில் வீடு கேட்டுப் போனால் முதலில் என்ன கேட்கிறோம்? "எந்த ஊரு? யார் வீட்டுப் புள்ள? என்ன ஆளுக?" மூன்று கேள்வி! கையில் வாடகையை வைத்துக்கொண்டு நின்றாலும் இந்த மூன்றுக்கும் பதில் இல்லாதவனுக்கு நம் ஊரில் ஒரு மாட்டுக்கொட்டகை கிடைக்காது. கேட்டது வேறு யாரோ இல்லை. நானும் கேட்டிருக்கிறேன், நீங்களும் கேட்டிருக்கிறீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் செட்டியார் குடையை எடுத்துக்கொண்டு, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போவார். "என்ன ஆளுக?" என்று கேட்டால், "எங்க வீட்டுப் புள்ள" என்பார். ஒருமுறை திருக்கோகர்ணத்தில் பழனிச்சாமி என்ற வீட்டுக்காரர், "செட்டியாரே, ஒங்க வீடுகள்ல கருப்பன்னு பேரு வைக்கிற வழக்கமே இல்லையே!" என்று மடக்கினார். "இப்ப வச்சிருக்கோம்" என்றார் செட்டியார். பழனிச்சாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாவியைக் கொடுத்துவிட்டார்.

சாவி வாங்கினால் போதுமா? போதாது என்று அவருக்குத் தெரியும். குடிபோன அன்று மத்தியானம் அந்தப் பிள்ளை தன் கையால் சமைக்க வேண்டும். செட்டியாரும் ஆச்சியும் தெருவே பார்க்க நடந்து போய், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். கை நனைப்பது என்றால் நம் பக்கத்தில் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? சம்பந்தம் பேசப் போன இடத்தில் மனசுக்கு ஒவ்வாவிட்டால் நாம் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிடுகிறோம். கை நனைத்துவிட்டால் உறவு. அதை வைத்துத்தான் செட்டியார் வேலை செய்தார். "இன்னும் ரெண்டு கரண்டி ஊத்தப்பா! ஆச்சிக்கு ரசம் வேணுமாம்!" என்று நாலு வீட்டுக்குக் கேட்கக் கத்துவார். அன்றோடு அந்தப் பிள்ளையை அந்தத் தெருவில் யாரும் யார் நீ என்று கேட்பதில்லை. மரியசெல்வம், நீ குடிபோன அன்று அரிசி வேகவே இல்லையாமே? செட்டியார் இரண்டு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அலைந்தார். "நல்லாப் பொங்கியிருந்தான்" என்றுதான் எங்களிடம் சொன்னார்.

இப்படி நாற்பத்தொரு பேர். அதில் நாற்பது பேர் இன்றைக்குக் குடியும் குடித்தனமுமாக இருக்கிறார்கள்.

அந்த ஒருவனைப் பற்றித்தான் நான் பேச வந்தேன். சபை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கருப்பன். கொடும்பாளூர்ப் பக்கம் கல்லுடைக்கிற குடும்பம். வாந்திபேதியில் தாயும் தகப்பனும் ஒரே வாரத்தில் போய்விட்டார்கள். பதினேழு வயதில் ஸ்டாண்டுக்கு வந்தான். வலது புருவத்தில் ஒரு தழும்பு. டயர் பஞ்சர் ஒட்டக் கற்றுக்கொண்டான். அவன் ஒட்டிய டியூப் பிரிந்தது என்று ஒரு டிரைவர் சொல்லி நான் கேட்டதில்லை. ஐம்பத்தேழாம் வருஷம் அந்தப் பழனிச்சாமி வீட்டின் பின்கட்டு அறைக்குக் குடிபோனான். அந்த நேரம் பார்த்துச் செட்டியார் விஷக் காய்ச்சலில் படுத்துவிட்டார். ஆச்சியால் அவரை விட்டு நகர முடியவில்லை. செட்டியார் எனக்குச் சொல்லி அனுப்பினார்: "ரெங்கசாமி, எனக்குப் பதிலா நீங்க போய் ஒரு வாய் சாப்பிட்டுட்டு வாங்க. பய காலையிலேருந்து காத்துக்கிட்டிருப்பான்."

போனேன். சலவை வேட்டி, மேல்துண்டு, குடை எல்லாம் சரியாக எடுத்துக்கொண்டு போனேன். அறையைச் சாணி போட்டு மெழுகியிருந்தான். ஒரே ஓர் இலை. அதில் சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, அப்பளம், ஓரத்தில் ஒரு துண்டு வெல்லம். பழனிச்சாமி வாசலில் நின்றார். எதிர்வீட்டுத் திண்ணையில் நாலு பேர். அதில் ஒருவர் என் சம்பந்தி வீட்டுக்கு வேண்டியவர். அவரைப் பார்த்ததும் எனக்குள் என்ன நடந்தது என்று இன்றைக்கு இந்தச் சபையில் மறைக்காமல் சொல்கிறேன். கல்லுடைக்கிறவன் வீட்டில் ரெங்கசாமி சாப்பிட்டான் என்று நாளைக்குச் சம்பந்தி வீட்டில் பேசுவார்களே! இதுதான் என் மனசில் ஓடியது. பன்னிரண்டு வருஷமாக மேடை ஏறி ஒன்றே குலம் என்று பேசியவன் நான்! அந்தப் படியில் என் கால் ஏறவில்லை.

"இன்னைக்கு சஷ்டி விரதம்பா" என்றேன்.

பழனிச்சாமி நல்ல மனசோடுதான் சொன்னார்: "சஷ்டி நாளன்னைக்குல்ல வருது?"

கருப்பன் என்னைப் பார்த்தான், பழனிச்சாமியைப் பார்த்தான், இலையைப் பார்த்தான். "சரிங்கய்யா. ஒரு வாய் மோராச்சும் குடிங்க" என்றான். அதையும் வேண்டாம் என்றேன். "அப்ப வெயில்ல நிக்காதீங்கய்யா. கெளம்புங்க" என்றான். என்மேல் ஒரு வருத்தமும் காட்டவில்லை. எனக்கு வெயில் அடிக்கிறதே என்றுதான் சொன்னான். பாவி நான், குடையை விரித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அதோடு விட்டேனா? சாயங்காலம் செட்டியாரைப் பார்க்கப் போனேன். கட்டிலில் கிடந்தபடியே கேட்டார்: "சாப்பாடு எப்புடி? அவனுக்கு எப்பவும் உப்புக் கூடிரும்." நான் சொன்னேன்: "உப்பெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு." காய்ச்சலோடு அந்த மனுஷன் சிரித்தார்.

எட்டு நாள் கழித்து, எழுந்து நடமாட முடிந்ததும், அவர் முதலில் போனது திருக்கோகர்ணம். அறை பூட்டிக் கிடந்தது. பழனிச்சாமி தயங்கித் தயங்கிச் சொன்னாராம்: "செட்டியாரே, என்மேல குத்தமில்ல. ஒங்க செயலாளரே கை நனைக்காமப் போனாரு. பக்கத்து வீட்டுக்காரவுக எல்லாம், இந்தப் பய ஆரு என்னன்னு தெரியாம வச்சிருக்கியேன்னு புடிச்சுக்கிட்டாக. நான் காலி பண்ணுன்னு சொல்றதுக்கு முன்னாடியே அவன் சாவியைக் குடுத்துட்டான்." கிட்டங்கிக்கும் அவன் திரும்பவில்லை. எந்த முகத்தோடு திரும்புவான்?

செட்டியார் நேராக என் வீட்டுக்கு வந்தார். பதினான்கு வருஷப் பழக்கத்தில் அன்று ஒருநாள்தான் அவர் என்னிடம் குரல் உயர்த்தினார். அதை அப்படியே சொல்கிறேன்.

"பர்மாவுல மோல்மீன்லேருந்து நடந்து வந்தப்ப எத்தனை வாசல்ல நின்னேன் தெரியுமா ஒங்களுக்கு? சோறு இல்லைன்னு வெரட்டுனவுக மூஞ்சி எனக்கு இன்னமும் நெனப்பிருக்கு. நீங்க சோறு போட்டவனையே வெரட்டிட்டு வந்துருக்கீங்களேய்யா! நான் படுத்த படுக்கையா கெடந்து ஒங்களை நம்பி அனுப்புனேனே!"

அழுதார். நான் அழவில்லை. அன்று எனக்கு அழக்கூடத் தெரியவில்லை.

அதன் பிறகு அவர் இந்தப் பேச்சை எடுக்கவில்லை. கமிட்டியில் யாரிடமும் சொல்லவில்லை. என்னைச் செயலாளர் பதவியிலிருந்து எடுக்கவும் இல்லை. ஆனால் ஒன்று. அதற்குப் பிறகு பத்துப் பேர் குடிபோனார்கள். ஒருமுறைகூட "நீங்களும் வாங்க ரெங்கசாமி" என்று என்னைக் கூப்பிடவில்லை. பிள்ளைகளும் கூப்பிடவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறீர்களே, உங்களுக்கு இது தெரியும் என்று எனக்குத் தெரியும். எனக்கு மரியாதையாக வணக்கம் சொல்வீர்கள். உங்கள் வீட்டு வாசலைத் தாண்டி நான் போனால், உள்ளே வாங்கய்யா என்று ஒருவரும் சொன்னதில்லை. நியாயம்தான்.

டிரைவர், கண்டக்டர் சகோதரர்களே! ஐந்து வருஷம் உங்களில் யாரை அவர் விட்டார்? திருச்சி வண்டியா, காரைக்குடி வண்டியா, தஞ்சாவூர் வண்டியா, ட்ரிப் சீட்டை நீட்டும்போதெல்லாம் ஒரே கேள்வி. "வலது புருவத்துல தழும்பு. பஞ்சர் ஒட்டுவான். எங்கிட்டாச்சும் கண்ணுல பட்டானா?" கண்டக்டர் நாகராசு அதோ நிற்கிறார். மணப்பாறையில் அப்படி ஒருத்தனைப் பார்த்தேன் என்று அவர் சொன்ன அன்று, செட்டியார் விசிலை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு அதே வண்டியில் ஏறிப் போனார். அவன் கருப்பன் இல்லை. திரும்பி வந்து மறுபடியும் விசிலை வாங்கிக்கொண்டார். பக்கத்தில் நின்று பார்த்த எனக்கு, என்னைச் செருப்பால் அடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும் என்று பட்டது.

கருப்பன் இருக்கிறானா? எங்கே இருக்கிறான்? எந்த வண்டிக்கு அடியில் படுத்திருக்கிறான்? சொக்கநாதன் செட்டியார் தெரிந்துகொள்ளாமலே போய்விட்டார்! இருபது நாளுக்கு முன்னால், மச்சுவாடியில் ஓர் அறைக்குச் சாவி வாங்கிக்கொண்டு வெயிலில் நடந்து வந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தம் வீட்டு வாசல் நிலையில் சாய்ந்தார். சாவி ஆச்சி கைக்குப் போயிற்று. அவர் போய்விட்டார்.

அந்த அறை யாருக்கு? செவந்திக்கும் காத்தாயிக்கும். இரண்டு பேரும் ஆச்சி வீட்டில் வளர்ந்து, தையல் கற்று, கடையில் வேலை பார்க்கிற பெண்கள். ஆண்பிள்ளைக்கே அறை கிடைக்காத ஊரில், துணையில்லாத இரண்டு பெண்களுக்கு அறை கிடைப்பது எவ்வளவு கஷ்டம்! வீட்டுக்காரர் சிவசாமி நேற்று சொல்லி அனுப்பியிருக்கிறார்: "செட்டியார் வந்து சாப்புடுவாருன்னுதான் சாவியைக் குடுத்தேன். அவரு போய்ட்டாரு. நாளைக்குப் பொழுது சாயுறதுக்குள்ள, இந்தப் புள்ளைகளுக்கு ஆளுகன்னு யாராச்சும் வந்து கை நனைச்சாச் சரி. இல்லைன்னா சாவி திரும்பி வந்துரணும்."

காலையில் ராஜேஸ்வரி ஆச்சியைப் போய்ப் பார்த்தேன். ஆச்சி சொன்னார்கள்: "ரெங்கசாமியண்ணே, எல்லா வீட்டுக்கும் அவுககூட நான்தான் போனேன். இப்ப மொத ஆளா நான் படியேறினா, தாலி அறுத்தவ வந்துட்டான்னு அந்தப் புள்ளைகளைத்தான் பேசுவாக. நீங்க போங்க."

"நானா ஆச்சி?" என்றேன்.

"நீங்கதான். கருப்பன் விசயம் எனக்குத் தெரியும். அவுக சொல்லலை. பழனிச்சாமி வீட்டுக்காரி சொன்னா. நீங்க மொதல்ல உக்காருங்க. ஒங்களுக்கு அடுத்த எலையில நான் உக்காந்துக்கிறேன். பேசுறவுக பேசட்டும்."

"செவந்தி என்னைக் கூப்புடலையே ஆச்சி."

"கூப்புடாது. நீங்கதான் போய்க் கேக்கணும்."

சபையோர்களே! என் கையில் ஒரு தாள் இருக்கிறது. இரங்கல் தீர்மானம், கீழே உறுதிமொழி. மறைந்த பெரியவரின் பணியைத் தொடர்ந்து நடத்துவோம் என்று நானே எழுதினேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன். அவருடைய படத்தை மாட்டப் போகிறோம். மாட்டுங்கள். ஆனால் நிலையத்தை இனி நடத்த முடியுமா, மூடிவிடலாமா என்று வெளியே வெற்றிலை போட்டுக்கொண்டு இரண்டு மூன்று பேர் பேசியதும் என் காதில் விழுந்தது. அவர்களுக்குச் சொல்கிறேன். கிட்டங்கி இருக்கிறது, பாய் இருக்கிறது. சாவி கொடுக்கும் வீட்டுக்காரர்கூட இருக்கிறார். இல்லாதது ஓர் ஆள். போய் உட்கார்ந்து சாப்பிட ஓர் ஆள். அதற்கு நம் ஊரில் பஞ்சம் வந்துவிட்டதா?

நாளைக் காலை ஏழு மணிக்கு ஸ்டாண்டில் நான் நிற்பேன். நாகராசு, ஒவ்வொரு வண்டியிலும் கருப்பனைப் பற்றி இனி நான் கேட்பேன். நீங்கள் அலுத்துக்கொள்ளாமல் பதில் சொல்ல வேண்டும். அது நாளைய வேலை.

இன்றைய வேலை பொழுது சாய்வதற்குள் முடிய வேண்டும். இந்தத் தாளை இப்போது நான் படிக்கப் போவதில்லை. இதில் கையெழுத்துப் போடும் யோக்கியதை எனக்கு உண்டா இல்லையா என்பது இந்தச் சபை முடிவுசெய்கிற விஷயமும் இல்லை.

செவந்தி! பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு இருக்கிறாயே, அம்மா! எழுந்திருக்க வேண்டாம். நீ என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட உனக்கு ஒரு காரணமும் இல்லை. இத்தனை பேர் முன்னால், கூப்பிடாத வீட்டுக்கு வரட்டுமா என்று கேட்கிறேன். இன்றைக்கு எனக்கு விரதம் இல்லை. எனக்கு ஓர் இலை போடுவாயா?

இங்கிருந்து கேட்டால் கட்டளை போட்ட மாதிரி இருக்கும். இரு, நான் இறங்கி வந்து கேட்கிறேன். வேண்டாம் என்று சொல்ல உனக்குத் தோன்றினால், என் முகத்துக்கு நேரே சொல்.